இரண்டு சத மேசையில் கூட்டாளி

1

இந்த மாதத்தோடு நான் மெல்பேணுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். ஆண்டு திரும்பும்போது ஏதாவது எழுதி ஊருக்கு அனுப்புவது என் வழக்கம். போன முறை இங்கே எந்த நிறத் தொட்டிக்குள் எந்தக் குப்பையைப் போடவேண்டும் என்பதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாயிருந்தது என்று இரண்டு பேர் கடிதம் போட்டார்கள். இம்முறை இணையத்தில் சில்லறைக் காசு வைத்துப் போக்கர் விளையாடுவது எப்படி என்று எழுதப்போகிறேன். முகத்தைச் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். நானே சுளித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வவுனியாக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பதின்மூன்று வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். விமானம் ஏறியபோது, இங்கே வந்து கணக்கியல் படிப்பேன், சோதினை எழுதுவேன், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன் என்றெல்லாம் எண்ணம். படித்தது என்ன? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் படித்தேன். கோபம் வரும்போது “நோ வொறீஸ்” என்று சொல்லப் படித்தேன். போன வருடம் தொழிற்சாலையைப் பூட்டி, கையில் ஒரு தொகையைத் தந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஐம்பத்தொன்பதாவது வயதில் இன்னொன்றும் படித்தேன். முகம் தெரியாத ஆறேழு பேருக்குள் ஆகப் பலவீனமானவர் யார் என்று கண்டுபிடித்து, அவருடைய இடப்பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவரிடமிருந்து சதம் சதமாகப் பிடுங்குவது. அதில் கெட்டிக்காரனாகவும் வந்தேன். அதை நினைத்தால்தான் வெட்கம்.

2

எல்லாம் ஒரு மேசை உடைந்ததில் தொடங்கியது. நோபிள் பார்க்கில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒருநாளும் கார் நின்றதில்லை. அங்கே ஒரு மடக்கு மேசையும் நாலு கதிரையும்தான். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு நாலு பேர் கூடி 304 விளையாடுவோம். காசு இல்லை. தோற்றவர்கள் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போடவேண்டும், அவ்வளவுதான்.

304 என்ற சீட்டு விளையாட்டுத் தெரியாத இளையவர்களுக்காக: முப்பத்திரண்டு கடுதாசி, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். துரும்பு கேட்டு விளையாடுவது. உலகத்தில் மற்ற இடங்களில் எப்படியோ, இந்த விளையாட்டில் ஜேக்தான் ஆகப் பெரிது. அடுத்தது ஒன்பது. ஆஸ் மூன்றாம் இடம்தான். ராசாவும் ராணியும் கந்தோர்ப் பியோன்கள் மாதிரி, கீழே எங்கேயோ நிற்பார்கள். நாற்பது வருடம் இதை விளையாடியவனுக்கு இந்த வரிசை இரத்தத்தில் ஊறிவிடும்.

எனக்குக் கூட்டாளி குணமண்ணை. கொடிகாமத்தில் தபாலதிபராக இருந்தவர், என்னைவிட ஆறு வயது மூப்பு. மனைவி இறந்த பிறகு டண்டினோங்கில் ஒரு சின்ன யூனிற்றில் தனியே இருக்கிறார். எதிர்ப்பக்கம் யோகநாதனும் சந்திரனும். போன மாரியில் யோகநாதன் மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த மூன்று மாதத்தில் சந்திரன் பேரப்பிள்ளை பார்க்கவென்று பிறிஸ்பேனுக்குப் போனார். மிச்சம் இரண்டு பேர், நாலு கதிரை. புது ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். ஒருவர் அரைமணித்தியாலத்தில் தன் வீட்டு விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். மற்றவர் தொலைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் இரண்டு சனிக்கிழமை வெறும் தேத்தண்ணி குடித்தோம். மூன்றாவது சனிக்கிழமை அண்ணை வரவில்லை. கால் உளைவு என்று தொலைபேசியில் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. தொழிற்சாலையில் இருபது வருடம் என்னை ஸ்டீவ் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி என்னை “இஞ்சாருங்கோ” என்பாள். மகள் “டாட்” என்பாள். சிவபாலன் என்ற என் பெயரைச் சுருக்கி “சிவம்” என்று கூப்பிட இந்த நாட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு மனிதர்தான். அவரும் வராமல் விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

3

மகள் ஆரணி பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, கிளேற்றனில், தோழிகளோடு வீடெடுத்து இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஊத்தை உடுப்பு மூட்டையோடு வருவாள். உடுப்புக் காய்ந்ததும் போய்விடுவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அதுவும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: “டாட், ஒன்லைன் போக்கர் விளையாடிப் பாருங்கோவன். யூ லைக் கார்ட்ஸ். ஒரு சதம், ரெண்டு சதம்தான். இட்ஸ் ஹாம்லெஸ்.”

வீட்டில் இணையம் வேகமாக இருந்ததற்குக் காரணம் வேறு. வன்னியில் என்ன நடக்கிறது என்று உடனுக்குடன் பார்க்கவென்றே புரோட்பேண்ட் இழுத்திருந்தோம். அதே திரையில், அந்தச் செய்திக்குப் பக்கத்தில், மகள் ஒரு பச்சை மேசையைத் திறந்து வைத்தாள். அப்போதே அதை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. ஒருபக்கம் சனம் இடம்பெயர்ந்து ஓடுகிற படம், மறுபக்கம் பச்சை மேசை. நான் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துப் பழகினேன். மனிதன் எதற்கும் பழகுவான் என்பது எவ்வளவு கேவலமான விஷயம் என்று அந்தக் கதிரையில் இருந்துதான் அறிந்தேன்.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு கடுதாசி கவிழ்த்துத் தருவார்கள். பிறகு நடுவில் பொதுவாக ஐந்து கடுதாசியை மல்லாத்துவார்கள். முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் காசு வைக்கலாம், ஏற்றலாம், அல்லது கையை எறிந்துவிட்டு அடுத்த ஆட்டம்வரை சும்மா இருக்கலாம். கடைசியில் யாரிடம் நல்ல ஐந்து கடுதாசி சேருகிறதோ, நடுவில் கிடக்கும் காசு அவருக்கு.

முதல் நாள் எனக்கு ஜேக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தன. 304 ஆட்டக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? இருந்ததையெல்லாம் வைத்தேன். எதிரே ஒருவன் ஆஸும் நாலும் வைத்துக்கொண்டு சிரமமில்லாமல் அள்ளினான். அடுத்து ராசாவும் ராணியும் வந்தார்கள். இந்தப் பியோன்களை வைத்து என்ன செய்வது என்று எறிந்தேன். பின்னால் நின்று பார்த்த ஆரணி வாயில் கை வைத்தாள்.

“டாட்! யூ த்றூ அவே கிங்-குவீன்?”

“ரெண்டும் சேர்த்தாலும் அஞ்சு புள்ளிதானே பிள்ளை.”

“திஸ் இஸ் நொட் த்றீ-நோட்-ஃபோர்!” என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உடுப்பு இயந்திரம் எப்போதோ நின்றுவிட்டது, அவள் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படி இருந்து நான் காணவில்லை. சூதாட்டம் என்று தெரிந்தும் நான் அதை விடாததற்கு அந்த ஒரு மணித்தியாலமும் ஒரு காரணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அலுத்துப் போயிற்று. எனக்கு அலுக்கவில்லை.

அரட்டைப் பெட்டியில் யாரோ எனக்குக் கழுதைப் படம் போட்டான். கெட்ட ஆட்டக்காரனை அங்கே கழுதை என்பார்களாம். கச்சேரியில் உதவி அரசாங்க அதிபர்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை.

4

குணமண்ணையை இதற்குள் இழுத்துவிட்டது நான்தான். அவருடைய யூனிற்றுக்கு இணையம் எடுத்துக் கொடுத்தேன், கணக்குத் திறந்து கொடுத்தேன். என் பெயர் அங்கே ‘கிளாக்கர்’, அவருடைய பெயர் ‘தபால்’. ஒரே மேசையில் இருவரும் ஏறினோம். உள்ளூர்த் தொலைபேசி அழைப்புக்கு இங்கே எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே கட்டணம். ஆகவே தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தோம். சனிக்கிழமை மட்டுமில்லை, இப்போது கிழமையில் ஐந்து நாளும் அண்ணையின் குரல் என் வீட்டில் கேட்டது. அவருடைய கால் உளைவும் மாறிவிட்டது.

பழக்கம் யாரை விட்டது? எதிர்க் கதிரையில் இருப்பவர் கூட்டாளி என்றுதான் எங்கள் மூளை சொல்லும்.

“சிவம், உன்னட்ட என்ன இருக்கு?”

“சோடி எட்டு, அண்ணை.”

“என்னட்ட சோடி ராணி. நீ எறி. நான் போறன்.”

நான் ஏற்றினால் அவர் எறிவார். அவர் ஏற்றினால் நான் எறிவேன். ஒருவருக்கு எதிராக ஒருவர் ஒரு சதம்கூட ஏற்றியதில்லை. கூட்டாளிக்கு எதிராக எவனாவது ஏற்றுவானா? இதைக் கேட்டுக்கொண்டு குசினியில் நின்ற மனைவி வசந்தி, “ரெண்டு கிழவரும் ரெண்டு சதத்துக்கு நல்லாத்தான் கூட்டுச் சேர்ந்திருக்கிறியள்” என்று நக்கலடித்தாள். ஆரணி ஒருநாள் உடுப்பு மடித்தபடி, தலையை நிமிர்த்தாமல், “தட்ஸ் சீற்றிங், யூ நோ” என்றாள். தொலைபேசிக்குள்ளிருந்து அண்ணை கேட்டார்: “பிள்ளை என்ன சொல்லுது?” “கள்ள விளையாட்டாம் அண்ணை.” அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். “கூட்டாளி இல்லாமல் தனிய இருந்து விளையாடினால் அது என்ன கடுதாசி விளையாட்டு?” என்று கேட்டார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டு பேர் சேர்ந்து கடுதாசி சொல்லி விளையாடியும் நாங்கள் தோற்றுக்கொண்டேயிருந்தோம். ஜேக்-ஒன்பது வந்தால் அண்ணைக்குக் கை நிற்காது. “இதை எறிய மனம் வருகுதில்லையடா” என்பார். களவாக விளையாடியும் காசு விடுகிற இரண்டு பேர் அந்தத் தளத்தில் வேறு இருந்திருக்க மாட்டார்கள்.

5

பிறகு அந்த மின்னஞ்சல் வந்தது. ஏதோ ஒரு தீவில் பதிவு செய்த கம்பனி. உங்கள் கணக்கை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று தொடங்கி, ‘தபால்’ என்ற ஆட்டக்காரருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்குக என்று முடிந்திருந்தது. நடுவில் மோசடி என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. அதே கடிதம் அண்ணைக்கும் போயிருந்தது.

அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவனுக்கு ஒரு நோய் உண்டு. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் முதுகு தானாக வளையும், கை தானாகப் பொய் எழுதும். எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதுதான் கச்சேரியில் நான் படித்த முதல் பாடம். குடியுரிமைக்கு ஏதும் பங்கம் வருமோ, மகளுக்கு நாளைக்கு அரசாங்க வேலை கிடைக்க இடைஞ்சலாகுமோ என்று இல்லாத பயமெல்லாம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பயம் பாதிதான். மற்றப் பாதி ஆசை. அண்ணை தூங்கும் மத்தியான நேரங்களில் நான் தனியே விளையாடத் தொடங்கியிருந்தேன். தனியே விளையாடினால் எனக்கு வெல்ல வந்தது. அதை விட எனக்கு மனமில்லை.

பதில் எழுதினேன். நான் இந்த நபரை அறியேன். மற்றப் பெயர்களைப் போல இந்தப் பெயரையும் மேசையில் கண்டிருக்கிறேன், அவ்வளவே. இங்கே வந்த நாள் தொடக்கம் நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களில் ஒரு பிழையும் இல்லாத கடிதம் அதுதான். இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்து அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது. நான் வந்த வருடம், வதிவிட அனுமதிக்கு, என்னை நன்றாக அறிந்த ஒருவர் சத்தியக் கடிதம் தரவேண்டும் என்று திணைக்களம் கேட்டது. எனக்கு இங்கே நாய்கூடத் தெரியாது. டண்டினோங் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கும்போது பழக்கமான மனிதர் ஒருவர், பழகி மூன்றே கிழமை, சத்தியக் கையெழுத்துக்குச் சாட்சி வைக்க இங்கே அதிகாரமுள்ள மருந்துக்கடைக்காரர் முன்னால் போய் நின்று, இவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும், நேர்மையான மனிதர் என்று கையெழுத்து வைத்தார். அந்த மனிதர்தான் குணமண்ணை. அவருடைய வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். நான் வசந்தியிடம்கூடச் சொல்லாமல் குளியலறைக்குள் போய் முகத்தைக் கழுவினேன். கழுவினால் போகிற அழுக்கா அது?

ஐந்து நாளில் என் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அதற்குள் கிடந்தது பதினெட்டு டொலர்.

அண்ணை தொலைபேசி எடுத்தார். “நான் உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டன் சிவம். ரெண்டு பக்கம். அவர் என்ர கூட்டாளி, இருபத்திரண்டு வருஷமா ஒரே மேசையில இருக்கிறம், இதில என்ன பிழை எண்டு கேட்டனான். எனக்கு ஒரேயடியாப் பூட்டிப் போட்டாங்கள். உனக்கு?”

“எனக்கும்தான் அண்ணை” என்றேன். எங்கள் இரண்டு கடிதத்தையும் அந்தக் கம்பனியில் ஒருவரும் சேர்த்து வாசிக்கவில்லைப் போலிருக்கிறது.

“சரி விடு. சனியன் துலைஞ்சுது. சனிக்கிழமை வாறன், ரெண்டு பேரும் ஏதாவது விளையாடுவம்.”

வந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணிக்கு வந்தார். இரண்டு பேர் விளையாடும் சின்னப்பிள்ளை விளையாட்டுகளை விளையாடினோம். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

6

இனித் தனியே விளையாடி நான் கற்றதைச் சொல்கிறேன். யாராவது தொடங்குகிறதாக இருந்தால் இதை வாசித்துவிட்டுத் தொடங்காமல் விடுங்கள்.

கைக்கு வருவதில் பெரும்பகுதியை எறியவேண்டும். ஜேக்-ஒன்பதை எறிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. முதல் தடவை எறிந்தபோது ஏதோ சொந்தக்காரனை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியது மாதிரி இருந்தது. பிறகு பழகிற்று. மற்றவர்கள் எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபின் கடைசியாகச் செய்கிற இடம்தான் நல்ல இடம். அந்த இடத்தில் இருக்கும்போது கொஞ்சம் கூடுதலாக விளையாடலாம், முதல் ஆளாக இருந்தால் அடங்கி இருக்கவேண்டும். வெறுங்கையோடு மிரட்டுவது படத்தில்தான் நடக்கும். இரண்டு சத மேசையில் ஒருவனும் பயப்படமாட்டான். அவனுக்குப் போவது இரண்டு சதம், பார்த்துவிட்டுப் போகலாமே என்று காசு வைப்பான். ஆகவே மிரட்டாமல், நல்ல கை வரும்வரை கல்லு மாதிரி இருந்து, வந்ததும் தயங்காமல் ஏற்றவேண்டும். மற்றவர்கள் அலுப்பிலேயே அதற்கு ஈடாகக் காசு கட்டுவார்கள். கோபம் வந்தால் மூடிவிட்டு எழும்பவேண்டும். கணக்கில் இருப்பதில் சிறு பங்கை மட்டும் மேசைக்குக் கொண்டுபோகவேண்டும். இவ்வளவுதான். இதற்கு மூளை தேவையில்லை. பொறுமையும் கொஞ்சம் கெட்ட குணமும் போதும்.

கெட்ட குணம் ஏன் என்றால், எல்லாவற்றுக்கும் மேலான பாடம் இது: உன் ஆட்டத்தைவிட நீ யாரோடு ஆடுகிறாய் என்பதுதான் முக்கியம். மேசைகளைத் தேடி, நிதானம் இழந்தவன் இருக்கிற மேசையைக் கண்டுபிடிக்கவேண்டும். அவனுக்கு இடப்பக்கம் இருந்தால் அவன் செய்தபின் நீ செய்யலாம். அந்த இடம் காலியாகும்வரை காத்திருக்கவேண்டும்.

அப்படி ஒரு மனிதர் எனக்கு அகப்பட்டார். எந்த நாடோ தெரியாது. எனக்குக் காலை பத்து மணி, அவருக்கு எத்தனை மணியோ. எந்தக் கை வந்தாலும் காசு வைப்பார். அரட்டைப் பெட்டியில், மன்னிக்கவும், இன்றைக்கும் குடித்திருக்கிறேன் என்று எழுதுவார். மனைவி போய்விட்டாளாம். நாயையும் கொண்டு போய்விட்டாளாம். நாயை நினைத்துத்தான் கூடக் கவலை என்று எழுதினார். மேசையில் இருந்த மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். நான் மட்டும், கேட்கக் கவலையாக இருக்கிறது நண்பரே என்று பதில் போட்டேன். எனக்குக் கவலையொன்றும் இல்லை. அவர் எழும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த கையில் ஏற்றினேன். அவர் கட்டினார். மூன்று நாள் அவர் எந்த மேசைக்குப் போனாலும் பின்னால் போய் இடப்பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் அவர் எனக்கு, நீ ஒருவன்தான் இங்கே மனுசன் என்று எழுதினார்.

கணினியை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். சீ என்று ஆகிவிட்டது. அடுத்த நாளும் போய்ப் பார்த்தேன், அவர் வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நான் மன்னிக்கவில்லை.

7

போன சனிக்கிழமை குணமண்ணை இரண்டு மணிக்குப் பதிலாக ஒரு மணிக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கராஜுக்குள் வந்து கதிரையில் இருந்தார்.

“சிவம், பதறாதை. உன்ர கணக்கைக் கள்ளர் எடுத்திட்டாங்கள்.”

எனக்கு விளங்கவில்லை.

“விளையாடத்தான் கணக்கு வேணும், பாக்கிறதுக்கு ஒண்டும் தேவையில்லையெல்லே. பொழுது போகேல்லை எண்டு இந்தக் கிழமை சும்மா போய்ப் பாத்துக்கொண்டிருந்தனான். பேரைப் போட்டுத் தேடலாம். உன்ர பேரைப் போட்டன். ‘கிளாக்கர்’ இருக்கிறான்! உனக்குத்தான் பூட்டியாச்சே. அப்ப ஆர் இது?”

நான் வாயைத் திறந்தேன். இது நான்தான் என்ற சொல் நாக்குவரை வந்தது. அதைச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சொன்ன பிறகு இவர் இந்தக் கதிரையில் இருப்பாரா? எழும்பி, நாகரிகமாக, போட்டு வாறன் என்று சொல்லிப் போவார். பிறகு வரமாட்டார்.

“மூண்டு நாள் பாத்தனான்” என்றார் அண்ணை. “முதல் அரை மணித்தியாலம் எனக்கும் சந்தேகம், சிலவேளை நீதானோ எண்டு. பிறகு தெரிஞ்சுது நீயில்லை. சரியான ஈனப்பிறவியடா அவன். ஒரு பாவப்பட்ட குடிகாரன், பெண்சாதி போயிட்டாள், நாயும் போயிட்டுது எண்டு எழுதுறான். இவன் கவலை எண்டு எழுதிப்போட்டு அடுத்த கையில அவனை உரிக்கிறான். அவன் மேசை மாறினால் பின்னால போறான். எனக்குப் பாக்கவே அருவருப்பாப் போச்சு. ஒரு மனிசன் ரெண்டு சதத்துக்கு இப்பிடியும் செய்வானோ?”

“செய்வாங்கள் அண்ணை” என்றேன்.

வசந்தி தேத்தண்ணியோடு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பகலில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கிறவள் அவள். தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு குசினிக்குத் திரும்பினாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அண்ணை சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். கையால் எழுதியிருந்தார், தபாலதிபரின் சாய்வில்லாத அழகான எழுத்து. “மெயிலை ஆர் வாசிக்கிறாங்கள்? பதிவுத் தபாலில போடுவம். நான் எல்லாம் எழுதிக் கொண்டு வந்திருக்கிறன். வாசிச்சுப் போட்டு ஒப்பத்தை வை.”

வாசித்தேன். என்னுடைய பெயரில் இப்போது விளையாடுபவர் நானல்ல. என் கணக்கு முடக்கப்பட்ட பிறகு நான் உங்கள் தளத்துக்கு வரவேயில்லை. இந்த நபரின் நடத்தைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இதன் கீழே சாட்சி என்று போட்டு, இவரை இருபத்திரண்டு வருடமாக நான் அறிவேன், இவர் இப்படி விளையாடக் கூடியவரல்லர் என்று எழுதித் தன் கையெழுத்தை அண்ணை முன்கூட்டியே வைத்திருந்தார்.

“அண்ணை…” என்றேன்.

“என்ன?”

“ஒண்டுமில்லை.”

பேனையின் மூடியைக் கழற்றித் தந்தார். என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

“உனக்கேன்ரா கை நடுங்குது? கள்ளனெல்லே பயப்பிட வேணும்.”

ஒப்பம் வைத்தேன்.